கதவைத் தட்டி வந்த ஆள்

என் வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் நான் கதவைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அது மகளின் அறை. மகள் படிக்க போலோஞ்ஞா போன பிறகு மனைவி அதை எடுத்துக்கொண்டாள். கட்டிலைச் சுவரோடு தள்ளினாள். மேசையில் லப்டொப்பை வைத்தாள். அங்கிருந்துதான் படிக்கிறாள். உளச்சிகிச்சையும் உளநலமும். பட்டப்பின்படிப்பு. பல்கலைக்கழகம் இங்கிலாந்தில். அவள் இத்தாலியில், பலெர்மோவில். எல்லாம் இணையத்தில் நடக்கிறது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மாடி வீடுகளில் படிக்கட்டுத் துடைக்கிறேன். அவள் யாழ்ப்பாணத்தில் பட்டம் எடுத்துவிட்டு வந்தவள். வந்ததிலிருந்து ஒரே சின்யோராவின், ஓர் இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை. சமையல், துப்புரவு, உடுப்பு அயன் பண்ணுவது. சின்யோராவுக்கு வயது ஏற ஏற, மருந்து கொடுப்பதும் கூட நடப்பதும் சேர்ந்துகொண்டன.

அந்தச் சின்யோராவின் கணவர் இறந்த பிறகு அந்த மனுசி கட்டிலை விட்டு எழும்பவில்லை. மகன் ஓர் உளச்சிகிச்சைக்காரியை ஒழுங்கு செய்தான். கிழமைக்கு ஒருமுறை வருவார். அறைக்கதவைச் சாத்துவார். ஊசி இல்லை, குளிசை இல்லை. கதை மட்டும். மனைவி வெளியே நின்று உடுப்பு மடிப்பாள். மழைக்காலம் முடிகிறபோது ஒரு காலை சின்யோரா எழும்பி வந்து தானே கோப்பி போட்டாராம்.

அன்று மனைவி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தக் கதவுக்கு உள்ளை என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரிய வேணும்."

"அந்த மனுசியைக் கேளுமன்."

"கேட்டுத் தெரியிற விசயமில்லை. படிக்க வேணும்."

"அப்ப படியும்."

எங்கள் வீட்டில் ஆலோசனை அவ்வளவுதான்.

படிக்கத் தொடங்கினாள். பின்னேரம் வேலையால் வந்து முகம் கழுவி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். சமையல் என் கைக்கு வந்தது. பல்லரோச் சந்தையில் மீன் வாங்கி வந்து குழம்பு வைப்பேன். தேத்தண்ணியைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்து, ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவேன். உள்ளே இங்கிலீஷ் சத்தம் கேட்கும். இடையில் அவள் குரலும் கேட்கும். நான் அறியாத ஒரு குரல். பொறுமையான குரல். மீனில் உப்புக் குறைந்தால் வருகிற குரல் இல்லை.

படித்ததைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டு வருவாள்.

"நீங்கள் பரவாயில்லை எண்டு சொல்லுற நேரமெல்லாம் உண்மையாப் பரவாயில்லையோ?"

"ஓம்."

"ஒருக்கா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சும் ஓம்தான். மீனைத் தின்னும்."

சிரிப்பாள். தின்பாள். அவள் படிக்கிறது எனக்குப் பிடித்திருந்தது. அதை நான் சொன்னதில்லை.

இரண்டாம் பருவத்தில் ஒரு சோதனை வந்தது. எழுதுகிற சோதனை இல்லை. ஒரு ஆளை முன்னால் இருத்தி, அவருடைய சின்னக் கரைச்சல் ஒன்றைக் கேட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று இரண்டு பேருமாக ஒரு முடிவுக்கு வர வேண்டும். அதைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். தமிழில் கதைக்கலாம். கதைத்த முழுவதையும் இங்கிலீஷில் எழுதிக் கூட அனுப்ப வேண்டும். தெரிந்த ஆளாக இருந்தாலும் பரவாயில்லை, பயிற்சிதானே என்றார்களாம்.

"நீங்கள் இருங்கோவன்," என்றாள்.

"நான் நோயாளியோ?"

"நோயாளி எண்டு சொல்லக் கூடாது."

"பிறகு?"

"வாற ஆள்."

"நான் இஞ்சைதானே இருக்கிறன்."

"அதுதான். வெளியிலை போய்க் கதவைத் தட்டிப்போட்டு வாங்கோ."

ஒரு ஞாயிறு பின்னேரம். நான் சேர்ட் மாற்றினேன். தலை இழுத்தேன். சொந்த வீட்டில் கதவைத் தட்டினேன். "வாங்கோ, இருங்கோ" என்றாள், புது ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. கதிரை இரண்டையும் சாய்வாகப் போட்டிருந்தாள், நேருக்கு நேராக இருக்கக் கூடாதாம். அவள் கோயிலுக்குப் போடுகிற நல்ல சட்டை போட்டிருந்தாள்.

என்ன கரைச்சல் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நித்திரை வருவதில்லை என்றேன். பொய். தலையணையில் தலை படமுதல் நான் நித்திரை.

"நித்திரை வராத நேரம் என்ன யோசிப்பியள்?"

"ஒண்டும் இல்லை."

"எப்ப தொடக்கம் இப்பிடி?"

"கனகாலம். நீங்கள் சொல்லுறதைச் செய்யிறன்."

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

"பரவாயில்லை. செய்யிறன்."

அவள் என்ன கேட்டாலும் ஓம் என்றேன். மனதுக்குக் கஷ்டமோ, ஓம். வேலையில் களைப்போ, ஓம். படுக்கமுதல் போன் பார்க்காமல் விட்டால் உதவுமோ, கட்டாயம் உதவும். முடிவில் எழும்பி நின்று, "நல்லாச் சுகமாப் போச்சு டொக்டர், நன்றி" என்றேன். கை கொடுத்தேன். என் கணக்கில் திறமாகச் செய்திருந்தேன்.

நான் அவளுக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் கேள்வி கேட்டால் எனக்கு வேறு விதமாக இருக்கத் தெரியாது. பெர்மெஸ்ஸோவுக்காக குவெஸ்தூராவில் எத்தனை காலம் வரிசையில் நின்றோம். இங்கே இருக்கலாம் என்கிற விசாக் கடதாசி அது. குவெஸ்தூரா அதைக் கொடுக்கிற பொலிஸ் கந்தோர். அங்கே படித்த பாடம் ஒன்றுதான். கேட்டால் ஓம் சொல். சிரித்துக்கொண்டு சொல். கேட்காததைச் சொல்லாதே. சொன்னால் இன்னொரு கேள்வி வரும். இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். பலெர்மோவில் எங்கள் ஆட்கள் எல்லாரும் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான்.

பதிவு திரும்பி வந்தது. பாஸ் இல்லை.

அவள் அடுப்படிக்கு வந்து சொன்னாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன்.

"ஆசிரியை எழுதியிருக்கிறா. வந்த ஆள் எல்லாத்துக்கும் ஓம் சொல்லுறாராம். அவருக்கு என்ன கரைச்சல் எண்டு கடைசி வரைக்கும் தெரியேல்லையாம். அந்த ஆளையே தான் சந்திக்கேல்லையாம்."

"என்னிலை பிழையோ?"

"என்னிலைதான். உங்களை ஓம் சொல்ல விட்டது நான்."

இன்னும் ஒரு தரம்தான் அனுப்பலாம். அதுவும் சரிவராவிட்டால் அடுத்த வருடத்துக்கு ஏற்ற மாட்டார்கள். படிப்பு அதோடு சரி. அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு அறைக்குள் போனாள். ஸ்டூலில் வைத்த தேத்தண்ணி ஆறி, மேலே ஆடை படிந்து கிடந்தது.

வேறு ஆள் தேடினாள். எங்கள் ஆட்களிடம் கேட்பது லேசு இல்லை. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையப் பக்கம் ஒருவர் தும்மினால் பல்லரோவில் மருந்து சொல்வார்கள். கரைச்சலை வாய் திறந்து சொல்ல ஒருவரும் வரவில்லை. கடைசியில் அவளுடைய கூட்டாளி ஒருத்தி வந்தாள், பக்கத்துத் தெருவில் பிள்ளை பார்க்கிறவள். கதவைத் தட்டினாள். இருந்தாள். மனைவி கேட்டாள், "இப்ப உமக்கு மனதிலை பாரமா இருக்கிறது என்ன?"

"என்ரையை விடும். உமக்கேன் முகம் வாடிக் கிடக்கு? அந்தாள் ஏதும் சொல்லுறாரோ?"

மிச்ச நேரம் முழுக்க அவள்தான் மனைவிக்குப் புத்தி சொன்னாள். நான் அடுப்படியில் இருந்து கேட்டேன். என்னைப்பற்றி நல்லபடியாக ஒன்றும் சொல்லவில்லை. போகிறபோது என்னைப் பார்த்து, "அண்ணை, அவளைக் கொஞ்சம் வெளியிலை கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். அந்தப் பதிவை அனுப்ப முடியாது.

அடுத்த கிழமை நடந்ததுதான் விசயம்.

நான் படிக்கட்டுத் துடைக்கிற மாடி வீடுகளில் ஒன்று ஐந்து மாடி மாளிகை. பழைய கட்டடம். நடுவில் இரும்பு வலைக்குள் மரப்பெட்டி மாதிரி ஒரு லிஃப்ட். உள்ளே ஒரு சின்ன வாங்கு, ஒரு கண்ணாடி. படிக்கட்டு அதைச் சுற்றி ஏறும். மேல் மாடியில் தனியாக ஒரு கிழவி. அவருக்குத் தண்ணீர்ப் போத்தல் கட்டைத் தூக்கிக் கொடுப்பது என் பழக்கம். அன்று நான் சாப்பாட்டை மறந்து விட்டுவிட்டு வந்திருந்தேன். மனைவி கொண்டு வந்தாள். நான் போத்தல் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு படியில் ஏறிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் கீழே, வெளிச்சம் போட்டபடி, கதவைத் திறந்துகொண்டு நின்றது.

"லிஃப்ட் பழுதோ?"

"இல்லை."

"பிறகு ஏன் படியாலை?"

"உடம்புக்கு நல்லது."

என் முழங்காலைப் பார்த்தாள். அந்த முழங்காலுக்கு அவள்தான் ஒவ்வொரு நாளும் எண்ணெய் பூசுகிறவள். சாப்பாட்டுப் பெட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை சோறு போட்டுக்கொண்டு சொன்னாள்.

"நாளைக்கு ஒருக்காக் கதவைத் தட்டுவியளோ? திரும்பவும் நித்திரைக் கதை வேண்டாம்."

"வேறை என்ன கதை?"

"உங்களுக்குத் தெரியும். விருப்பமில்லாட்டி வேண்டாம். நான் படிப்பை விடுறன். கோவமில்லை."

கோபமில்லை என்று சொன்னது உண்மை. அதுதான் கரைச்சல். கோபித்திருந்தால் நான் போய்ப் படுத்திருப்பேன்.

ஞாயிறு கதவைத் தட்டினேன். சேர்ட் மாற்றவில்லை. வேலைக்குப் போடுகிற ரீசேர்ட்டோடு போய் இருந்தேன். அவள் பதிவைத் தொடக்கினாள்.

"எதைப்பற்றிக் கதைக்க விருப்பம்?"

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவளும் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கும் அங்கே படிப்பிக்கிறார்களாம், பிறகு சொன்னாள்.

"லிஃப்ட்," என்றேன்.

"ம்."

"நான் ஏறிறேல்லை."

"மகள் பிறந்த அண்டைக்கு ஆசுப்பத்திரிக்கு நீங்கள் பிந்தித்தான் வந்தனீங்கள். வேர்த்து ஒழுகிக்கொண்டு."

"ஓம். படியாலை."

"நாட்டிலை ஏதும் நடந்ததோ? பங்கர், அப்பிடி?"

"இல்லை. எல்லாரும் உடனை சண்டையைத்தான் கேப்பினம். அது வேறை. இது இஞ்சை."

பிறகு சொன்னேன். அதுவரை ஒருவருக்கும் சொல்லாதது.

நான் பலெர்மோவுக்கு வந்த புதிசு. பெர்மெஸ்ஸோ இல்லை. ஒரு கடைக்காரனுக்குச் சாமான் தூக்கிக்கொண்டிருந்தேன். ஓகஸ்ட் மாதம், எல்லாரும் கடலுக்குப் போய்விடுகிற காலம். ஒரு வீட்டுக்குப் பெட்டி கொண்டு போனேன். சுற்றிவர அடைத்த இரும்பு லிஃப்ட். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. வெளிச்சமும் போய்விட்டது. கத்தலாம். கத்தினால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் கடதாசி கேட்கும். எனக்குத் தெரிந்த இத்தாலியன் இரண்டே சொல். புவோன்ஜோர்னோ, கிராத்சியே. வணக்கம், நன்றி.

"என்ன செய்தனீங்கள்?"

"புவோன்ஜோர்னோ எண்டனான்."

"ஆருக்கு?"

"படியிலை செருப்புச் சத்தம் கேட்டுது. கதவுப் பக்கம் வாயை வைச்சு மரியாதையாச் சொன்னனான். அந்த மனுசியும் புவோன்ஜோர்னோ எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டா."

அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

"பிறகு இன்னொரு ஆள். நானும் புவோன்ஜோர்னோ, அவரும் புவோன்ஜோர்னோ. போயிட்டார். கன நேரத்துக்குப் பிறகு ஒரு கிழவர் வந்தார். நான் கொஞ்சம் பலமாச் சொன்னன். அவர் நிண்டார். சரி, விளங்கிட்டுது எண்டு நினைச்சன். 'புவோனசேரா' எண்டு திருத்திப்போட்டுப் போயிட்டார். பின்னேரமாம், புவோன்ஜோர்னோ பகலுக்குத்தானாம்."

அவள் உதட்டைக் கடித்தாள். சிகிச்சை கொடுக்கிற ஆள் சிரிக்கக் கூடாது என்று எனக்கே தெரியும். தோள் குலுங்கியது. பிறகு வெடித்துவிட்டது. கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. அத்தனை வருடத்தில் அதில் சிரிக்க இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதில்லை. பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அந்தப் பொறுமையான குரல் திரும்பி வந்தது. கதவுக்கு வெளியே நின்று நான் கேட்கிற குரல்.

"அந்த நேரம் உடம்பிலை என்ன நடந்தது?"

சொன்னேன். கை விறைத்தது. பெட்டியில் இருந்த தக்காளி மணம் மூக்கில் ஏறியது. மூச்சு அரைவாசிதான் போனது. கரண்ட் வந்து லிஃப்ட் தானாகக் கீழே இறங்கியது. ஒரு பெண் கதவைத் திறந்தாள். கிராத்சியே என்றேன். தெரிந்த இரண்டு சொல்லும் செலவு. பெட்டியைப் படியால் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து படிதான்.

"நாளைக்கு ஒரு மாடி மட்டும் லிஃப்டிலை போய்ப் பாப்பியளோ?"

"இல்லை," என்றேன்.

என் காதுக்கே புதிதாக இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

"நல்லது. அப்ப எது ஏலும்? நீங்களே சொல்லுங்கோ."

யோசித்தேன். லிஃப்டுக்குள் நிலத்தை நான் வெளியே நின்றுதான் துடைக்கிறேன், மொப்பின் தடியை நீட்டி. கண்ணாடியில் கை எட்டுகிற கரை மட்டும் பளிச்சென்று இருக்கும். மற்றப் பக்கம் புகை மாதிரி. மேல் மாடிக் கிழவி அதைப்பற்றி இரண்டு தரம் முறையிட்டிருக்கிறார்.

"கதவுக்கு வாளியை முட்டுக் குடுத்துப்போட்டு, உள்ளை போய்க் கண்ணாடி துடைக்கலாம்."

"எவ்வளவு நேரம்?"

"துடைச்சு முடியுமட்டும். நீர் அவசரப்படுத்தாதையும்."

வீட்டில் அவளைச் சொல்லுகிற "நீர்" வாயில் வந்துவிட்டது. முதல் பதிவில் முழுக்க "நீங்கள்". அவள் தலையாட்டினாள்.

பிறகு வந்த நாட்களில் அவள் கதைத்ததை எல்லாம் இங்கிலீஷில் எழுதினாள். "உங்கடை 'ம்'மை எப்பிடி எழுதுறது? ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரிக் கிடக்கு" என்று அடுப்படிக்கு வந்து பேசினாள். சிரித்த இடத்தை வெட்டலாமோ என்று கேட்டேன். வெட்டக் கூடாதாம். நடந்தது நடந்ததுதானாம். அந்தச் சிரிப்பால் பெயிலாகப் போகிறது என்று இரண்டு பேருக்கும் பயம். அவள் முகத்தில் காட்டவில்லை. ஆனால் உப்பு இல்லாத குழம்பைப் பேசாமல் தின்றாள்.

நான் வாளியை முட்டுக் கொடுத்தேன். பதிவில் செய்கிறேன் என்று சொல்லி ஆகிவிட்டது. அது இங்கிலாந்து வரை போயிருக்கிறது. ஒரு காலை உள்ளே வைத்தேன். மற்றக் காலையும் வைத்தேன். கண்ணாடியில் ஒரு வயதுபோன ஆள் துணியோடு நின்றான். துடைத்தேன். வெளியே வந்தேன். அடுத்த நாள் திரும்பவும் போனேன். மூன்றாவது கிழமையில் வாங்கில் குந்தியிருந்து பித்தளைப் பிடியையும் மினுக்கினேன். மேல் மாடிக் கிழவி இறங்கி வந்து கண்ணாடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கடைசியில் ஒரு மாதிரி உனக்குக் கண் தெரிந்துவிட்டது" என்றார் இத்தாலியனில். இப்போது எனக்கு அவ்வளவு விளங்கும்.

மறுமொழி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. நான் மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டு நின்றேன். அவள் போனோடு வந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

"சிரிச்சது நீளமாம். கவனமாம். ஆனா அதுக்குப் பிறகுதான் வந்த ஆள் உண்மையாக் கதைக்கத் தொடங்கினவராம்."

"பிறகு?"

"அவர் 'இல்லை' எண்ட இடத்திலை நான் வற்புறுத்தாமல் அவரையே கேட்டது வடிவாம்."

"அதை விடும். பாஸோ?"

"பாஸ்."

கையில் செதிள். கழுவிவிட்டு வந்து அவள் தலையில் கை வைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு, "மீன் மணக்குது" என்றாள்.

மகளுக்கு போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னோம். அவள் கேட்டாள், "பிராவா மம்மா. அப்ப அப்பா இப்ப அஷென்சோரேயிலை போறாரோ?" பிராவா என்றால் கெட்டிக்காரி, அஷென்சோரே என்றால் லிஃப்ட். நான் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

பாஸ் வந்தால் என் வேலை முடிந்தது. பதிவுக்குத்தானே. ஆனால் அடுத்த ஞாயிறு நான்தான் கேட்டேன்.

"மாளிகைப் பக்கம் ஒருக்கா வாறீரோ?"

ஏன் என்று அவள் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போனோம். வெயில் சரிந்திருந்தது. மாளிகையில் பாதிப் பேர் கடலுக்குப் போயிருந்தார்கள். என்னிடம் வாசல் பூட்டின் திறப்பு இருந்தது. லிஃப்ட் கீழேதான் நின்றது.

"நானும் உள்ளை வரவோ?"

"இல்லை. நீர் படியாலை வாரும்."

உள்ளே போய், கதவை நானே சாத்தினேன். வாளி இல்லை. இரண்டாம் மாடிப் பொத்தானை அமர்த்தினேன். ஒரு குலுக்கல். மெதுவாக ஏறியது. கிழட்டு லிஃப்ட், அவசரம் தெரியாது. வாங்கைப் பிடித்துக்கொண்டேன். கை விறைக்கத் தொடங்கியது. கண்ணாடியைப் பார்க்கவில்லை.

வலைக்கு வெளியே அவளுடைய செருப்புத் தெரிந்தது. பிறகு பாவாடைக் கரை. படியைச் சுற்றிச் சுற்றி ஏறி வந்துகொண்டிருந்தாள், மூச்சு வாங்க, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி. முதலாம் மாடியில் எனக்கு நேராக வந்தாள். வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

"புவோன்ஜோர்னோ," என்றாள், மரியாதையாக.

என் மூச்சு அரைவாசிதான் போய்க்கொண்டிருந்தது. இருந்தாலும் நேரம் பின்னேரம்.

"புவோனசேரா," என்று திருத்தினேன்.

அவள் படியில் குந்திவிட்டாள். சிரிப்பு எனக்குக் கீழே இருந்து கேட்டது. லிஃப்ட் போய் இரண்டாம் மாடியில் நின்றது. நான் கதவைத் திறந்து வெளியே வந்து, அவள் ஏறி வரும்வரை நின்றேன்.